ரேம் போட்ட பிறகு லேப்டாப் மக்கர் செய்தால்: அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிப்பது

போன ஆனி மாதம், சாரல் விடாமல் அடித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம். குளச்சல் பக்கத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் மார்த்தாண்டத்தில் இருக்கும் என் சர்வீஸ் கடைக்கு வந்தார். துணிப்பையில் லேப்டாப், சட்டைப் பையில் ஒரு ரேம் ஸ்டிக், தீப்பெட்டிக்குள் ஏழு ஸ்க்ரூ.

"தம்பி, மோன் ஆன்லைன்ல வாங்கி அனுப்பினான். நானே மாட்டினேன். மாட்டின பொறவு டிஸ்ப்ளே வரல்ல கேட்டியா. பழையது மட்டும் இருந்தா வருது. புதுசு டூப்ளிகேட்டா இருக்குமோ?"

"சார், பின் கவர்ல எட்டு ஸ்க்ரூ இருக்கணும். ஏழுதான் இருக்கு."

"ஒண்ணு எங்கயோ உருண்டு போச்சுடே."

ரேம் மாற்றிய பிறகு வரும் லேப்டாப்களில் பெரும்பாலானவை இந்தக் கேள்வியோடுதான் வருகின்றன. புது ஸ்டிக் கெட்டது என்று முடிவு கட்டி, ரிட்டர்ன் போட்டு, வேறொன்று வாங்கி, அதுவும் ஓடாமல் வருகிறவர்களும் உண்டு. என் அனுபவத்தில் புது ஸ்டிக் உண்மையிலேயே கெட்டுப்போய் வருவது குறைவு. ஸ்டிக் சரியாக உட்காராதது, ஸ்லாட்டில் (ஸ்டிக்கைச் செருகும் இடத்தில்) அழுக்கு, மெஷினுக்குப் பொருந்தாத ரகம், இவைதான் அதிகம். அதனால் என்ன அறிகுறி வந்தாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: கோளாறு ஸ்டிக்கோடு போகிறதா, ஸ்லாட்டோடு நிற்கிறதா?

கை வைக்கும் முன் ஒரு வார்த்தை. விண்டோஸில் சாதாரணமாக ஷட் டவுன் கொடுத்தால் மெஷின் முழுதாக அணைவதில்லை. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி பாதி நினைவை டிஸ்கில் சேமித்து வைத்துக்கொண்டு தூங்கும். ஷிஃப்ட் பட்டனை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுங்கள். சார்ஜரைக் கழற்றுங்கள். பின் கவரைத் திறந்ததும் முதல் வேலையாகப் பேட்டரி கனெக்டரை எடுத்துவிட்டு, பவர் பட்டனை இருபது நொடி அழுத்திப் பிடியுங்கள். பேட்டரி இணைப்பில் இருக்கும்போது ரேமைக் கழற்றி மாட்டுவதுதான் போர்டைக் கொல்லும். ஸ்டாடிக் கரண்ட் (உடம்பில் தேங்கும் மின்சாரம்) பற்றி இணையத்தில் ரொம்பப் பயமுறுத்துவார்கள். நம் கடற்கரைக் காற்றின் ஈரத்தில் அது குறைவுதான். ஆரல்வாய்மொழிப் பக்கம் வறண்ட காற்று அடிக்கும் நாளிலோ ஏசி அறையிலோ வேலை செய்தால் ஏதாவது ஒரு பெரிய உலோகப் பொருளைத் தொட்டுவிட்டுத் தொடங்குங்கள், போதும்.

ஆன் ஆகிறது, ஃபேன் சுற்றுகிறது, டிஸ்ப்ளே மட்டும் வரவில்லை

முதலில் செய்ய வேண்டியது, ஒன்றும் செய்யாமல் காத்திருப்பது. புது ரேமைக் கண்டதும் மெஷின் அதனோடு பேசிப் பழக நேரம் எடுக்கும். இதை மெமரி ட்ரெய்னிங் என்பார்கள். அந்த நேரத்தில் திரை கறுப்பாகவே இருக்கும். தானாக ஓரிரு முறை அணைந்து எரியும். டிடிஆர்5 என்ற புதிய தலைமுறை ரேம் உள்ள மெஷின்களில் இது சில நிமிடம்கூட ஆகலாம். சார்ஜரை மாட்டி, கடிகாரத்தைப் பார்த்து, ஐந்து நிமிடம் கொடுங்கள். இரண்டாவது நிமிடத்திலேயே பவர் பட்டனை அழுத்தி அணைத்து அணைத்துப் போட்டால் அது ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்கும்.

அப்படியும் வரவில்லையா? கழற்றி மறுபடி மாட்டுங்கள். ஸ்டிக்கை நேராகக் குத்தக் கூடாது. சாய்வாகப் பிடித்து, தங்க நிறப் பட்டை கிட்டத்தட்ட முழுதும் உள்ளே மறையும்வரை தள்ளி, அப்புறம்தான் கீழே அமுக்க வேண்டும். இரண்டு பக்கக் கிளிப்பும் டக்கென்று பிடிக்கும். தங்கப் பட்டை ஒரு பக்கம் மெலிந்தும் மறுபக்கம் தடித்தும் தெரிந்தால் ஸ்டிக் கோணலாக நிற்கிறது என்று அர்த்தம். கிளிப் பிடித்துவிட்டதே என்று நம்பிவிட வேண்டாம். பாதி நுழைந்த ஸ்டிக்கையும் கிளிப் பிடித்துக்கொள்ளும்.

இனி ரகம். டிடிஆர்3 லேப்டாப் ஸ்டிக்கில் 204 பின் (தங்கப் பட்டையில் வரிசையாக இருக்கும் தொடுமுனைகள்), டிடிஆர்4-ல் 260, டிடிஆர்5-ல் 262. வெட்டுக்குறி இருக்கும் இடமும் வேறு வேறு என்பதால் ஒன்றை இன்னொன்றின் ஸ்லாட்டில் மாட்ட முடியாது. பலத்தைக் காட்டி மாட்ட முயன்றவர்களையும் பார்த்திருக்கிறேன், அது வேறு கதை. உண்மையான பொறி டிடிஆர்3-க்கும் டிடிஆர்3எல்-லுக்கும் நடுவில்தான். இரண்டுக்கும் 204 பின், வெட்டும் ஒரே இடத்தில். சாதா டிடிஆர்3 ஓடுவது 1.5 வோல்ட்டில், எல் என்ற எழுத்து சேர்ந்தது 1.35 வோல்ட்டில். இன்டெல் நான்காம், ஐந்தாம் தலைமுறை லேப்டாப்கள் பலவும் 1.35 மட்டுமே கொடுக்கும். அதில் சாதா டிடிஆர்3 அழகாகப் போய் உட்காரும், டிஸ்ப்ளே மட்டும் வராது. லேபிளில் பிசி3 என்பதை ஒட்டி எல் என்ற எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஸ்டிக் நல்லதுதான், உங்கள் மெஷினுக்கு ஆகாது. சண்டை போடாமல் மாற்றி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆசிரியரின் லேப்டாப்பில் ரகம் சரியாகவே இருந்தது. அதனால் நான் எப்போதும் செய்யும் மாற்றிப்போடும் வேலையில் இறங்கினேன். ஸ்லாட் இரண்டு, ஸ்டிக் இரண்டு. தனித்தனியாக நான்கு விதமாகப் போட்டுப் பார்க்கலாம். பழையது முதல் ஸ்லாட்டில்: வருகிறது. புதியது முதல் ஸ்லாட்டில்: அதுவும் வருகிறது. "அப்ப டூப்ளிகேட் இல்லியா?" என்று சார் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். புதியது இரண்டாம் ஸ்லாட்டில்: வரவில்லை. பழையது இரண்டாம் ஸ்லாட்டில்: அதுவும் வரவில்லை. இதற்கு மேல் ஸ்டிக்கைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

ஃபோன் கேமராவை நெருக்கமாக வைத்து, டார்ச் போட்டு, ஸ்லாட்டைப் படமெடுத்துப் பெரிதாக்கினேன். நடுவில் ஏழெட்டு பின்களின் நுனியில் கிணற்றுப் பாசி மாதிரி மெல்லிய பச்சை. வாங்கிய நாளிலிருந்து வெறுமனே கிடந்த ஸ்லாட் அது. வீடு கடலுக்கு இருநூறு அடி தூரம். ஜன்னல் பக்கத்து மேஜையில்தான் லேப்டாப் எப்போதும் இருக்குமாம். ஸ்டிக் மாட்டியிருந்த ஸ்லாட்டில் பின்கள் அழுத்தமாகத் தொட்டுக்கொண்டிருந்ததால் அது தப்பித்தது. காலியாக இருந்ததை உப்புக் காற்று மெதுவாகத் தின்றுவிட்டது. முட்டம், தேங்காப்பட்டணம், கன்னியாகுமரி என்று கடலோரத்திலிருந்து வரும் மெஷின்களில் நான் இதைத்தான் முதலில் தேடுவேன்.

இதற்கு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் வேண்டும். எலக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கும் கடையில் கிடைக்கும். மென்மையான பிரஷ்ஷை அதில் நனைத்து, பின்களின் நீளவாக்கிலேயே மெதுவாக இழுக்க வேண்டும். குறுக்கே தேய்த்தால் பின் வளையும். ஊசி, பிளேடு, குண்டூசி எதுவும் கூடாது. ஸ்டிக்கின் தங்கப் பட்டைக்கு வெள்ளை அழிரப்பர் போதும். (நம் மாவட்டத்தில் ரப்பர் என்றால் ஷீட்டா, ஒட்டுப்பாலா என்று கேட்பார்கள், நான் சொல்வது பள்ளிக்கூடப் பிள்ளைகள் பென்சில் எழுத்தை அழிப்பது.) ஸ்டிக்கை லேப்டாப்புக்கு வெளியே தள்ளிப் பிடித்து, லேசாக நாலு இழுப்பு, அவ்வளவுதான். தங்கப் பூச்சு மிக மெல்லியது, அழுத்தித் தேய்த்தால் அதுவும் போய்விடும். துகளைத் தட்டிவிட்டு ஆல்கஹாலால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். பெட்ரோல், சென்ட், சானிட்டைசர் எதுவும் இதற்கு மாற்று இல்லை.

இரண்டு தடவை சுத்தம் செய்த பிறகு இரண்டாம் ஸ்லாட் உயிர் பெற்றது. காணாமல் போன எட்டாவது ஸ்க்ரூவும் அப்போதுதான் கிடைத்தது. ஸ்பீக்கரின் காந்தத்தில் ஒட்டிக்கொண்டு இருந்தது. அது மட்டும் போர்டின் மேல் விழுந்திருந்தால் ரேம் பேச்சே எழுந்திருக்காது.

பீப் அடிக்கிறது, அல்லது லைட் சிமிட்டுகிறது

இது நல்ல சகுனம். மெஷினே வியாதியைச் சொல்கிறது. எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ளுங்கள், வீடியோ எடுத்தால் இன்னும் நல்லது. டெல் லேப்டாப்கள் பலவற்றில் ஆரஞ்சு இரண்டு, வெள்ளை மூன்று என்று சிமிட்டினால் ரேமே கண்ணில் படவில்லை என்று பொருள். இரண்டு-நான்கு என்றால் ரேம் பழுது, இரண்டு-ஐந்து என்றால் பொருந்தாத ரேம். எச்பி மெஷின்களில் நீளமாக மூன்று, குட்டையாக இரண்டு வந்தால் மெமரி. மற்ற கம்பெனிகளுக்கு மாடல் பெயரைப் போட்டு சர்வீஸ் மேனுவலைத் தேடிப் பாருங்கள். ஒரு கம்பெனியின் கணக்கை இன்னொன்றுக்குப் போடாதீர்கள். 'ரேம் பழுது' என்று சிமிட்டினாலும் அது ஸ்டிக்கா ஸ்லாட்டா என்று சொல்லாது. மேலே சொன்ன மாற்றிப்போடும் வேலை இங்கும் உண்டு.

ஆன் செய்ததும் மெமரி அளவு மாறிவிட்டது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்து நின்றால் பயப்பட வேண்டாம். அது தகவல்தான், பிழை இல்லை. திரையில் அந்த வரியோடு சொல்லும் பட்டனை அழுத்தினால் போய்விடும், பெரும்பாலும் மறுமுறை வராது.

ஓடுகிறது, ஆனால் ரேம் குறைவாகக் காட்டுகிறது

டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபார்மன்ஸ், மெமரி என்று போங்கள். எத்தனை ஸ்லாட் பயன்பாட்டில் இருக்கிறது, ஹார்டுவேருக்கு ஒதுக்கியது எவ்வளவு என்று வலது பக்கம் இருக்கும். இரண்டு ஸ்டிக் போட்டும் ஒரு ஸ்லாட் என்று காட்டினால் பயாஸுக்குள் (விண்டோஸ் தொடங்கும் முன் வரும் மெஷினின் சொந்த செட்டிங்ஸ்) போய் அங்கேயும் பாருங்கள். அங்கேயும் ஒன்றுதான் என்றால் அது உட்கார்ந்த விதமோ ஸ்லாட்டோதான். பயாஸில் முழுதாகக் காட்டி விண்டோஸில் மட்டும் குறைந்தால் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வையுங்கள், கோளாறு மென்பொருளில்.

பழைய மெஷின் என்றால் 32 பிட் விண்டோஸாக இருக்கலாம். எவ்வளவு போட்டாலும் 4 ஜிபிக்கு மேல் அது தொடாது. கையில் கிடைப்பது மூன்று சொச்சம்தான். 64 பிட்டுக்கு மாறுவது தவிர வழி இல்லை. 64 பிட்டிலும் குறைவாகக் காட்டினால் சிஸ்டம் கான்ஃபிகரேஷன் திறந்து, பூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் என்று போய், மேக்ஸிமம் மெமரி என்பதில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். லேப்டாப் வேகமாக ஓட என்று யாரோ வீடியோவில் சொன்னதைக் கேட்டு டிக் போட்டு வைத்தவர்கள் நிறைய. அந்த டிக்கால் வேகம் ஒரு பைசாவுக்குக் கூடாது.

ரைசன் ப்ராசஸர் உள்ள லேப்டாப்பில் 16 ஜிபி போட்டு 13.9 பயன்படும் என்று வந்தால் அது கோளாறே இல்லை. தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாததால் 2 ஜிபியை டிஸ்ப்ளே வேலைக்கு எடுத்துக்கொண்டது. இதற்காகக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போனவரை எனக்குத் தெரியும்.

ப்ராசஸருக்கும் ஒரு உச்சவரம்பு உண்டு. ஐ3 5005யூ 16 ஜிபி வரை, ஐ5 8250யூ 32 வரை. செலரான் என்4020 போன்றவற்றுக்கு இன்டெல் சொல்வது 8 ஜிபிதான். வாங்கும் முன்பே பார்க்க வேண்டிய விஷயம் இது. ரேமைப் போர்டிலேயே சாலிடர் செய்து, ஸ்லாட்டே இல்லாமல் வரும் மெல்லிய லேப்டாப்களும் இப்போது அதிகம். ஸ்டிக்கை வாங்கிவிட்டுக் கவரைத் திறக்காதீர்கள். திறந்து பார்த்துவிட்டு வாங்குங்கள்.

ஸ்பீடு குறைவு என்ற புகாரையும் இதோடு முடித்துவிடலாம். ஸ்டிக்கில் 3200 என்று எழுதியிருக்கும், டாஸ்க் மேனேஜர் 2400 என்று காட்டும். ஏமாற்று இல்லை. ஐ5 8250யூ 2400-க்கு மேல் போகாது, 7200யூ 2133-ஓடு நின்றுவிடும். இரண்டு ஸ்டிக் இருந்தால் மெதுவானதன் வேகத்துக்கு மற்றதும் இறங்கி வரும். மாட்டு வண்டியில் ஒரு மாடு மட்டும் ஓட முடியாது இல்லையா.

நடுநடுவே ப்ளூ ஸ்கிரீன், ஹேங், தானாக ரீஸ்டார்ட்

படுத்தி எடுப்பது இதுதான். காலையில் நன்றாக ஓடும், மத்தியானம் விழும். கடைக்கு எடுத்து வந்தால் நல்ல பிள்ளையாக ஓடும்.

முதலில் நீலத் திரையில் கீழே வரும் பெயரை ஒவ்வொரு முறையும் ஃபோட்டோ எடுங்கள். மெமரி மேனேஜ்மென்ட், பேஜ் ஃபால்ட் இன் நான்பேஜ்டு ஏரியா, ஐஆர்கியூஎல் நாட் லெஸ் ஆர் ஈக்வல் என்று தடவைக்கு ஒரு பெயர் மாறி மாறி வந்தால் என் சந்தேகம் ரேம் பக்கம் போகும். ஒவ்வொரு முறையும் அதே பெயர், கூடவே அதே டிரைவர் (ஒரு பாகத்தை விண்டோஸோடு பேச வைக்கும் மென்பொருள்) ஃபைலின் பெயர் என்றால் ரேமை விட்டுவிட்டு அந்த டிரைவரைப் பார்ப்பேன். மெமரி என்ற வார்த்தை திரையில் வந்தாலே ரேம்தான் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கெட்ட டிரைவரும் அதே வார்த்தையை வரவழைக்கும்.

சோதனைக்கு விண்டோஸிலேயே மெமரி டயக்னாஸ்டிக் இருக்கிறது. ஸ்டார்ட் மெனுவில் தேடினால் வரும். சோதனை ஓடும்போது எஃப்1 அழுத்தி எக்ஸ்டெண்டட் என்பதைத் தேர்ந்தெடுங்கள். சும்மா ஓடவிட்டால் மேலோட்டமாகத் தடவிவிட்டு எல்லாம் சுகம் என்று சொல்லிவிடும். அது பிழை காட்டினால் நம்பலாம், காட்டவில்லை என்றால் நம்பாதீர்கள். நான் நம்புவது பென்டிரைவிலிருந்து ஓடும் மெம்டெஸ்ட்86 அல்லது மெம்டெஸ்ட்86 ப்ளஸ். இரண்டும் வேறு வேறு ஆட்கள் செய்வது, இரண்டையும் காசில்லாமல் பயன்படுத்தலாம். பென்டிரைவிலிருந்து பூட் செய்ய பயாஸில் செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு வசதியை அணைக்க வேண்டி வந்தால், அதற்கு முன் பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) ரிக்கவரி கீயை எழுதி வையுங்கள். விண்டோஸ் 11 லேப்டாப்கள் பலவற்றில் உங்களுக்கே தெரியாமல் டிஸ்க் பூட்டப்பட்டிருக்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் போய்ப் பார்த்தால் 48 இலக்க எண் ஒன்று இருக்கும். அது இல்லாமல் மாட்டிக்கொண்டால் ரேம் பிரச்சினை சின்னதாகத் தெரியும்.

ராத்திரி படுக்கப் போகும்போது சார்ஜரோடு ஓடவிட்டு, காலையில் பாருங்கள். மழைக்காலத்தில் கரண்ட் போய் வரும், பேட்டரி பலவீனமாக இருந்தால் இன்வெர்ட்டர் இருக்கும் பிளக்கில் போடுங்கள். இரண்டு ஸ்டிக்கையும் ஒன்றாக வைத்து ஒரு ராத்திரி. பிழை வந்தால் ஒவ்வொன்றையும் தனியாக, அதே ஸ்லாட்டில். ஒரே ஒரு பிழை என்றாலும் பிழைதான். இத்தனை கோடி இடத்தில் ஒன்றுதானே என்ற சமாதானம் இங்கே செல்லாது.

ஒரு ஸ்டிக் இரண்டு ஸ்லாட்டிலும் பிழை காட்டினால் ஸ்டிக் போயிற்று. திரையை ஃபோட்டோ எடுத்து, பில்லோடு வாரண்டிக்கு அனுப்புங்கள். எந்த ஸ்டிக்கைப் போட்டாலும் ஒரே ஸ்லாட்டில் மட்டும் பிழை என்றால் ஸ்லாட் அல்லது போர்டு. தனித்தனியாக இரண்டும் சுத்தம், சேர்ந்தால் மட்டும் பிழை என்றால் இரண்டுக்கும் ஒத்துப்போகவில்லை. பயாஸ் அப்டேட் ஒன்று போட்டுப் பாருங்கள், சில சமயம் அதிலேயே சரியாகிவிடும். இல்லையென்றால் ஒரே கம்பெனி, ஒரே மாடலில் ஜோடியாக வாங்குவதுதான் வழி.

இந்த விதியை மீறி நானே அசடு வழிந்திருக்கிறேன். குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்டத்து வீட்டு லேப்டாப் ஒன்று. புது ஸ்டிக்கில் பிழை. மாற்றி வாங்கினேன், அதிலும் பிழை. மூன்றாவதுக்கு ஃபோன் போட்டபோது கடைக்காரர் சிரித்தார். "அண்ணே, மூணும் கெட்டுப்போகுமா? ஸ்லாட்டப் பாத்தியளா?" பார்த்திருக்கவில்லை. பார்த்தால் பின்களுக்கு நடுவே செத்துக் காய்ந்த ஒரு சிற்றெறும்பு. மரத்தடி வீடுகளில் லேப்டாப்பின் கதகதப்புக்கு எறும்பு வரும். ஊதியதும் பறந்துபோனது, பிழையும் அதோடு போனது. திருப்பி அனுப்பிய இரண்டு ஸ்டிக்குக்கும் கொரியர் செலவு என் கணக்கில்.

ப்ளூ ஸ்கிரீன் இல்லை, ஆனால் ஃபைல்கள் கெடுகின்றன

ஜிப் ஃபைலைப் பிரித்தால் சிஆர்சி பிழை (ஃபைல் சேதம் என்ற எச்சரிக்கை), இன்னொரு முறை பிரித்தால் வருகிறது. ஃபோட்டோவில் பாதி சாம்பல் நிறம். இன்ஸ்டால் செய்யும்போது ஃபைல் கெட்டிருக்கிறது என்கிறது. ரேம் அப்கிரேடுக்குப் பிறகு இப்படி வந்தால் உடனே வேலையை நிறுத்துங்கள். ரேமில் ஒரு பிட் புரண்டால் அது டிஸ்கிலும் புரண்டபடியே எழுதப்படும், யாரும் சொல்ல மாட்டார்கள். கல்யாண ஆல்பத்தை பேக்கப் எடுக்கிறேன் பேர்வழி என்று கெட்ட காப்பியை நல்ல காப்பியின் மேலேயே எழுதிவிடுவீர்கள். புது ஸ்டிக்கைக் கழற்றிவிட்டு, பழையதை மட்டும் வைத்து பேக்கப் எடுங்கள். சோதனை எல்லாம் அதற்குப் பிறகு.

அரை மணி நேரம் ஓடிச் சூடான பிறகு மட்டும் விழுகிறது

இங்கே ரேம் மேல் பழி போடும் முன், கவரைத் திறந்தபோது உங்கள் கை எங்கெல்லாம் பட்டது என்று நினைத்துப் பாருங்கள். ஃபேன் வயர் கழன்றிருக்கும். பேட்டரி கனெக்டர் பாதி மட்டும் மாட்டியிருக்கும், லேப்டாப்பைத் தூக்கினால் அணையும். எஸ்எஸ்டி ஸ்க்ரூ தளர்ந்திருக்கும். நீள ஸ்க்ரூவைக் குட்டை ஓட்டையில் முறுக்கி, அது போர்டை அழுத்திக்கொண்டிருக்கும். பழைய ஸ்டிக்கை மட்டும் போட்டு அதே அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். அப்போதும் விழுந்தால் புது ரேம் நிரபராதி. புதியதில் மட்டும் சூட்டில் விழுந்தால் மெம்டெஸ்டைக் குளிர்ந்த மெஷினில் ஓட்டிப் பயனில்லை. முதலில் ஒரு மணி நேரம் வேலை வாங்கிச் சூடாக்கிவிட்டு ஓட்டுங்கள்.

ஆசிரியரின் மெஷினை ஒரு ராத்திரி கடையிலேயே வைத்துக்கொண்டேன். இரண்டு ஸ்டிக்கையும் சேர்த்து வைத்து மெம்டெஸ்ட் நான்கு சுற்று ஓடியது, பிழை இல்லை. மறுநாள் வந்து எட்டு ஸ்க்ரூவையும் எண்ணிப் பார்த்துக்கொண்டார். ஜன்னலிலிருந்து மேஜையைத் தள்ளிப் போடச் சொன்னேன். ஐப்பசி மழை முடிந்ததும் ஒரு தடவை கொண்டு வாருங்கள், ஸ்லாட்டைத் திறந்து பார்க்கலாம் என்றும் சொன்னேன். "மேசைய மாத்த வீட்டுக்காரி சம்மதிக்கணுமே" என்று சொல்லிவிட்டுப் பையைத் தோளில் மாட்டினார்.